தலைப்பு யாருக்குச் சொந்தம்? புத்தகமும் வீடியோவும் வெளியிடப் புதிதாக வருபவர்களுக்கு

புத்தகத்தின் தலைப்புக்கோ வீடியோவின் தலைப்புக்கோ இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. "உங்கள் தலைப்பைக் காப்பிரைட் செய்து தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு யாராவது வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் காப்பது படைப்பை. இரண்டு மூன்று சொற்களாலான ஒரு பெயர் தனியே நின்று படைப்பாகிவிடுவதில்லை.

இதில் இப்போது ஐயத்துக்கு இடமில்லை. ஓர் எழுத்தாளர் 'தேசி பாய்ஸ்' என்ற தலைப்பில் எழுதிய கதைச் சுருக்கத்தை 2008இல் மும்பைத் திரை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்தார். அதே ஒலிப்பில், ஓரெழுத்து மாற்றத்தோடு, 2011இல் ஓர் இந்திப் படம் வந்தது. கதை வேறு, பெயர் மட்டும் ஒன்று. அவர் குற்றப் புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 அக்டோபரில், தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை, அதிலும் இந்த இரண்டு சொற்களும் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்குபவை என்று சொல்லி நீதிமன்றம் புகாரை ரத்து செய்தது.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னையில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' கல்லூரிப் பாடமாக இருந்தது. அதற்கு மாணவர் கைடு போட்டார் சென்னைப் பதிப்பாளர் ஏ. என். பரசுராம். ஆசிரியர் பெயர், நாவல் பெயர் இரண்டும் கைடின் பெயரிலேயே இருந்தன. ஃபார்ஸ்டர் தரப்பு வழக்குப் போட்டது. மெட்ராஸ் உயர் நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை; 1964ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் அது இருக்கிறது. நோட்ஸ் போடுபவர்கள் இன்றும் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் என் தலைப்பை எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் இல்லை. தலைப்புக்குக் காவல் வேறு வாசல்கள் வழியே வருகிறது. விற்பவரை அடையாளம் காட்டும் பெயரையோ குறியையோ பதிவு செய்ய இடம் தரும் 1999ஆம் ஆண்டின் டிரேட் மார்க் சட்டம் ஒன்று. பதிவே செய்யாத பெயருக்கும் உதவும் 'பாஸிங் ஆஃப்' வழக்கு இன்னொன்று: ஒருவர் தம் சரக்கை இன்னொருவருடைய சரக்கு என்று வாங்குபவர் நம்பும்படி விற்பதைத் தடுப்பது அது. இவை தவிர சினிமாச் சங்கங்களின் பதிவேடு, பத்திரிகைகளுக்கான அரசுப் பதிவு, நீங்களே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் ஆகியவையும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும், எதில் பணம் போடலாம், எதில் போடக் கூடாது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: காக்கக்கூடிய பெயராகத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் பெயர் வைத்து, அட்டை அடித்து, விளம்பரமும் கொடுத்த பிறகுதான் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆனால் பாதி வேலை பெயர் வைக்கும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது.

'எளிய சமையல் குறிப்புகள்', 'தமிழ் இலக்கணம் கற்போம்', 'பங்குச் சந்தை அடிப்படைகள்' போன்றவை உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். தேடுபவர்கள் கண்ணில் உடனே படும். ஆனால் உங்களுக்கு மட்டும் சொந்தமாக ஆவது மிகக் கடினம். டிரேட் மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளின் தன்மையை வெறுமனே விவரிக்கும் சொற்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. பழமொழி, பாட்டு வரி, தெய்வத்தின் பெயர், நாலு பேர் தினமும் சொல்லும் வாக்கியம் ஆகியவையும் ஏறக்குறைய இதே நிலைதான். 'கபி அல்விதா நா கெஹ்னா' என்ற படத்தின் பெயருக்காக 2006இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, வழக்குப் போட்டவர் அந்தப் பெயருக்கு முன்கூட்டியே டிரேட் மார்க் விண்ணப்பம் போட்டிருந்தார். ஆனாலும் தடை கிடைக்கவில்லை. பலர் வாயில் புழங்கும் ஒரு வாக்கியத்தை விண்ணப்பம் மட்டும் போட்டு ஒருவர் பிடித்துவைக்க முடியாது.

தமிழ் சினிமாவில் இதற்குச் சாட்சிகள் ஏராளம். 'பொல்லாதவன்' 1980இல் ஒன்று, 2007இல் ஒன்று. 'மாவீரன்' 1986இலும் வந்தது, 2023இலும் வந்தது. ஒற்றைத் தமிழ்ச் சொல்லாக, அகராதியில் உள்ளதாக, கம்பீரமாகப் பெயர் வைத்தால் அது இன்னொருவருக்கும் பிடித்துப்போகும் என்பதை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

இயல்பாகச் சேராத இரண்டு சொற்களைச் சேர்த்தால் நிலைமை மாறிவிடும். இந்தக் கட்டுரைக்காக ஒரு கற்பனைப் பெயர் வைத்துக்கொள்வோம்: 'ஏழாம் திண்ணை'. சிறுகதைத் தொடருக்கும் வைக்கலாம், நேர்காணல் சானலுக்கும் வைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்வதில்லை. அதனால்தான் அதற்குப் பாதுகாப்பு எளிது.

தொடரா, தனிப் புத்தகமா என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் செய்யப்போகும் செலவு இதைப் பொறுத்தது.

இரண்டாம் படி: ஏற்கெனவே யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்

கூகுளில் ஒருமுறை அடித்துப் பார்ப்பது தேடல் ஆகாது. டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுமக்களுக்கான இலவசத் தேடல் வசதி இருக்கிறது. பொருள்களையும் சேவைகளையும் அங்கே எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அந்த வகுப்பு எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு 16ஆம் வகுப்பு. பதிவிறக்கும் மின்னூல், ஒலி, ஒளிப் பதிவுகளுக்கு 9ஆம் வகுப்பு. கல்வி, பொழுதுபோக்கு, இணையத்தில் காட்டப்படும் வீடியோ, பதிப்புச் சேவை ஆகியவற்றுக்கு 41ஆம் வகுப்பு. மூன்றிலும் தேடுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பதிவேட்டில் அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் கிடைக்கும். அந்தக் கூட்டலுக்கோ கணக்கே இல்லை. 'ஏழாம் திண்ணை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ழகரத்தைச் சிலர் இசட்-ஹெச் போட்டு எழுதுவார்கள், சிலர் எல் போடுவார்கள். தொடக்க ஏகாரத்துக்கு ஒருவர் இ என்பார், ஒருவர் ஒய்-இ என்பார். 'ழா'வின் நெடிலுக்கு ஒரு ஏ அல்லது இரண்டு. திண்ணையில் தி-க்கு டி மட்டுமா, டி-ஹெச்சா? ஒரு என்னா, இரண்டா? ஒரு என் போட்டால் திண்ணை திணையாகிவிடும். ஏழாம் என்பதை எல் போட்டு எழுதினால் ஈழம் என்றும் படிக்கலாம். இத்தனை வடிவங்களையும் தனித்தனியே அடித்துப் பாருங்கள். ஒலி ஒப்புமையில் தேடும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. அது இந்திய மொழிப் பெயர்களில் சில நேரம் விநோதமான பட்டியலைத் தரும். சலிக்காமல் படியுங்கள்.

அடுத்து நூலகங்கள். சென்னையில் கன்னிமாரா பொது நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கொல்கத்தாவில் தேசிய நூலகமும் தங்கள் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. 1950களில் வந்து மறக்கப்பட்ட ஒரு நாவலின் பெயர் உங்கள் பெயராக இருந்தால் சட்டச் சிக்கல் பெரும்பாலும் வராது; ஆனால் வெளியீட்டு விழாவில் யாராவது மூத்த வாசகர் எழுந்து அதைச் சொல்லும்போது முகம் தொங்கிப்போகும். இணையப் புத்தகக் கடைகள், யூடியூப், பாட்காஸ்ட் செயலிகள், சமூக ஊடகக் கணக்குப் பெயர்கள் ஆகியவற்றிலும் தேடி, முடிவுகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நம்பிக்கையோடுதான் பெயர் வைத்தீர்கள் என்பதற்குப் பின்னால் அது சான்றாகும்.

மூன்றாம் படி: தேதியைக் கையில் பிடியுங்கள்

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டிரேட் மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பதிவு செய்தவருக்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைக் காக்கிறது. நீங்கள் மூன்று ஆண்டுகளாக நடத்திவரும் தொடரின் பெயரை வேறொருவர் போய்ப் பதிவு செய்துவிட்டால், அந்தப் பதிவைக் காட்டி மட்டும் உங்களை நிறுத்திவிட முடியாது. ஆனால் மூன்று ஆண்டுகள் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். வாய்ச்சொல் நிற்காது, காகிதம் வேண்டும்.

என்ன காகிதம்? அச்சகத்தின் பில், அதில் புத்தகத்தின் பெயர் எழுதியிருக்க வேண்டும். 'புத்தக அச்சடிப்பு, 500 படி' என்று மட்டும் போட்டுக் கொடுக்கும் அச்சகங்கள்தான் அதிகம். பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். விற்பனை ரசீது, கண்காட்சியில் கடை போட்ட ரசீது, நாளிதழ் மதிப்புரை, விளம்பரச் செலவு, முதல் வீடியோ ஏற்றிய நாளைக் காட்டும் பக்கம், சானலின் வருமான அறிக்கை, எல்லாம் ஒரே கோப்பில் சேரட்டும்.

ஐஎஸ்பிஎன் எண் தலைப்பைக் காக்கும் என்று நம்புபவர்கள் நிறைய. காக்காது. அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். இந்தியாவில் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. ஒரே தலைப்புள்ள இரண்டு புத்தகங்களுக்கும் கேட்டால் இரண்டு எண் கிடைக்கும். ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு தேதிதான்.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளியிட்ட 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். கட்டாயமான சட்டம்; சிறு பதிப்பாளர்களில் பலர் கண்டுகொள்வதில்லை. நான்கு படிகளும் தபால் செலவும்தான் போகும். பதிலுக்கு உங்கள் தலைப்பு, உங்கள் பெயர், தேதி மூன்றும் நாட்டின் பெரிய நூலகப் பட்டியல்களில் ஏறுகின்றன. இதைவிட மலிவாக ஒரு சான்று வேறெங்கும் கிடைக்காது.

அட்டையில் தலைப்பை எழுதியிருக்கும் விதம், அதாவது கையெழுத்து ஓவியமோ லோகோவோ, கலைப் படைப்பு என்ற வகையில் பதிப்புரிமை பெறும். சொல்லுக்கு இல்லாத உரிமை சொல்லின் வடிவத்துக்கு உண்டு. ஓவியரிடமிருந்து அந்த உரிமையை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துவிட்டோமே என்று விட்டுவிட்டால் பின்னால் தகராறு வரும்.

நான்காம் படி: டிரேட் மார்க் தேவையா என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு நாவல் எழுதியிருக்கிறீர்கள், அதன் தலைப்பைப் பதிவு செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தனிப் படைப்பின் தலைப்பு, அந்தப் படைப்பின் பெயராகவே வாசகர் மனத்தில் பதிகிறது. எந்தப் பதிப்பகத்தின் சரக்கு என்று அது காட்டுவதில்லை. நீதிமன்றங்களும் தனிப் படைப்பின் தலைப்புக்குக் கூடுதலாக ஒன்றைக் கேட்கின்றன: அந்தப் பெயரைக் கேட்டவுடன் மக்கள் உங்களைத்தான் நினைக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். 2007இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 'நிஶ்ஶப்த்' என்ற பெயருக்காக நடந்த வழக்கில் வங்காளிப் படம் எடுத்தவர்கள் இதில்தான் தோற்றார்கள். விருது வாங்கிய படம்தான். ஆனால் பொதுமக்களிடையே அந்தப் பெயர் அவர்களோடு ஒட்டியிருந்தது என்று நிறுவ முடியவில்லை. தாமதமாக நீதிமன்றத்துக்கு வந்ததும் அவர்களுக்கு எதிராகப் போனது.

தொடர் என்றால் கதையே வேறு. புத்தக வரிசை, பாடநூல் வரிசை, சிறுவர் இதழ், யூடியூப் சானல், பாட்காஸ்ட், பதிப்பகத்தின் பெயர் ஆகியவற்றில் பெயர்தான் சொத்து. அடுத்த பாகத்தை வாங்க வருபவர் பெயரைப் பார்த்துத்தான் வருகிறார். கையில் இருக்கும் பணத்தை இதில் போடுங்கள்.

விண்ணப்பம் டிஎம்-ஏ என்ற படிவத்தில். இணையவழியாகப் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சிறு நிறுவனம் என்ற சலுகை வேண்டுமென்றால், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் கேட்பார்கள். 'ஏழாம் திண்ணை' யூடியூப் சானலாகவும் புத்தக வரிசையாகவும் வரப்போகிறது என்றால் 41, 16 என்ற இரு வகுப்புகள். தனிநபருக்கு 9,000 ரூபாய். வருமோ வராதோ என்று தெரியாத பனியனுக்கும் காபிக் கோப்பைக்கும் இப்போதே வகுப்பு எடுக்க வேண்டாம். ஏஜென்ட் அல்லது வழக்கறிஞரின் கட்டணம் இதற்கு மேல். வேலை கடினமானதல்ல, ஆனால் பதிவக ஆட்சேபணைக்குப் பதில் எழுதும் இடத்தில் அனுபவம் கைகொடுக்கும்.

தமிழ் எழுத்தில் பெயரைப் பதிவு செய்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத்துப்பெயர்ப்பும் பொருளும் விண்ணப்பத்திலேயே தர வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறேன் என்று சொன்னால் எந்த நாளிலிருந்து என்று குறிப்பிட்டு, ஆதாரத்தோடு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். மூன்றாம் படியில் சேர்த்த கோப்பு இங்கேதான் பயன்படும். இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறேன் என்றால் அதையும் அப்படியே சொல்லலாம். இல்லாத தேதியைப் போடாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் தோண்டும் இடம் அதுதான்.

தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையத்தில் போட்டால் அங்கே போக வேண்டியதில்லை. பரிசோதகர் ஆட்சேபணை எழுப்பினால் பதில் சொல்ல ஒரு மாதம். அந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போய், ஒரு மாதமும் கழிந்து, விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கிடக்கும் கதைகள் ஏராளம். விண்ணப்ப எண்ணைப் போட்டு வாரம் ஒருமுறை நிலவரம் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் டிரேட் மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள். அன்றிலிருந்து நான்கு மாதம் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் சான்றிதழ். விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு. அதன்பின் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

விண்ணப்பம் போட்டவுடன் பெயருக்கு மேல் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது சான்றிதழ் வந்த பிறகுதான். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவதை 107ஆம் பிரிவு தடை செய்கிறது. புதிய சானல்களில் பாதிப் பேர் அழகுக்காக அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவு செய்து பெட்டியில் பூட்டி வைத்தாலும் பயனில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி மற்றவர் கேட்கலாம்.

படம், குறும்படம் எடுப்பவர்களுக்கு

சினிமாவில் 'டைட்டில் பதிவு' என்று சொல்வது அரசுப் பதிவல்ல. தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்காக நடத்தும் பதிவேடு அது. உறுப்பினர்களுக்குள் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் கேட்டால் சங்கம் மறுத்துவிடும். முதலில் பதிந்தவரிடம் தடையின்மைக் கடிதம் வாங்கிவரச் சொல்லும். தொழிலுக்குள் இருக்கும் கட்டுப்பாடு அது. சங்கத்துக்கு வெளியே இருப்பவரை அது கட்டாது. நீதிமன்றத்தில் அது உரிமைப் பத்திரமாகவும் நிற்காது. நல்ல தேதிச் சான்றாக மட்டும் பயன்படும்.

ஆனாலும் அலட்சியம் கூடாது. 'கரு' என்று விளம்பரமாகிக்கொண்டிருந்த படம் தலைப்பு வழக்கில் சிக்கி 2018இல் 'தியா' என்ற பெயரில் வெளியானது. வெளியீட்டுக்கு முந்தைய வாரம் தடை உத்தரவு வந்தால், சட்டம் யார் பக்கம் என்பதைவிடத் திரையரங்கம் கையை விட்டுப் போகுமே என்ற பயம்தான் முடிவு செய்யும். யூடியூபுக்கு மட்டும் குறும்படம் எடுப்பவர்களுக்குச் சங்கப் பதிவு தேவையில்லை. திரையரங்கம் அல்லது ஓடிடி என்று போகும் எண்ணம் இருந்தால், படப்பிடிப்புக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

இதழ் நடத்துபவர்களுக்கு

அச்சில் வரும் தலைப்புகளில் அரசே நேரடியாகக் காவல் காப்பது பத்திரிகைகளின் பெயரைத்தான். 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023இல் வந்த பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, அதே மொழியில் நாட்டில் எங்கும், அல்லது அதே மாநிலத்தில் எந்த மொழியிலும் ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் பெயரையோ அதற்கு ஒத்த பெயரையோ உங்களுக்குத் தர மாட்டார்கள். விண்ணப்பம் முழுவதும் இணையவழிதான். விருப்ப வரிசையில் பல பெயர்களைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். முதல் பெயர் கிடைப்பது அரிது. புத்தகங்கள் இந்தச் சட்டத்தில் வருவதில்லை.

யூடியூபில்

வீடியோ தலைப்புக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. "பத்தே நிமிடத்தில் மிளகு ரசம்" என்று ஆயிரம் பேர் வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். சானலின் பெயரும் தனித்துவமாக இருக்க வேண்டும் என்று யூடியூப் கேட்பதில்லை. ஒரே பெயரில் பத்து சானல் இருக்க முடியும். 2022இல் அறிமுகமான 'ஹேண்டில்', அதாவது அட் குறியோடு வரும் முகவரி, ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். பெயர் முடிவான அன்றே அதை எடுத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், இணைய முகவரி ஆகியவற்றையும் அதே நாளில் எடுத்துவிடுங்கள்.

உங்கள் சானலின் பெயரை வேறொருவர் வைத்துக்கொண்டால் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பாதீர்கள். அது வீடியோவைத் திருடியதற்கானது. பொய்ப் புகார் என்று தெரிந்தால் நடவடிக்கை உங்கள் கணக்கின் மேல் பாயும். டிரேட் மார்க் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதில் பதிவு எண்ணைக் கொடுத்தால் உங்கள் புகாருக்குக் கனம் கூடும். உங்கள் படத்தையும் பெயரையும் போட்டு நீங்களே நடத்துவது போலக் காட்டினால், அது ஆள்மாறாட்டம்; அதற்கும் தனிப் புகார் உண்டு.

ஐந்தாம் படி: கூட்டாளியோடு எழுதிக்கொள்ளுங்கள்

தலைப்புத் தகராறுகளில் பல அந்நியரோடு வருவதில்லை. சேர்ந்து தொடங்கிய இருவர் பிரியும்போது வருகின்றன. ஒருவர் கேமரா முன் பேசினார், மற்றவர் படம்பிடித்துத் தொகுத்தார். சானல் இவருடைய மின்னஞ்சலில் இருக்கிறது. பெயர் அவர் சொன்னது. பிரிந்த பிறகு இருவரும் அதே பெயரில் நடத்துகிறார்கள், பார்ப்பவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு பக்க ஒப்பந்தம் இதைத் தடுக்கும்: பெயர் யாருக்குச் சொந்தம், டிரேட் மார்க் யார் பெயரில் பதிவாகும், பிரிந்தால் யார் அதை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்குப் பணம் உண்டா. நட்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்துப் போடுங்கள்.

எழுத்தாளர்கள் பதிப்பக ஒப்பந்தத்தில் வரிசைப் பெயரைத் தேடிப் படியுங்கள். 'ஏழாம் திண்ணை' வரிசையில் மூன்று நூல் எழுதிவிட்டு நான்காவதை வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்க நினைக்கும்போது, பெயர் முதல் பதிப்பகத்துக்குச் சொந்தம் என்று ஒரு வரி கிடக்கும். நீங்கள் உருவாக்கிய வரிசை என்றால் அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே நடத்தும் வரிசையில் நீங்கள் ஒரு நூல் எழுதுகிறீர்கள் என்றால் பெயர் அவர்களுடையதுதான். அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

யாராவது எடுத்துக்கொண்டால்

கோபத்தில் முகநூலில் எழுதுவதற்கு முன், சான்றைச் சேருங்கள். அந்தப் புத்தகத்தை பில்லோடு ஒரு படி வாங்குங்கள். இணையப் பக்கங்களை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65-பி என்று சொல்லிவந்தது இதுதான். எந்தக் கருவியில், யார் எடுத்தார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டால் வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். குழம்பிப்போன வாசகர் யாராவது "உங்கள் புதுப் புத்தகம் என்று நினைத்து இதை வாங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தால், அந்தக் கடிதம்தான் கோப்பிலேயே விலை உயர்ந்தது.

பிறகு உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். என் பெயர் மக்களிடம் என்னோடு ஒட்டியிருக்கிறதா? அவர் வைத்த பெயரால் வாங்குபவர் உண்மையிலேயே குழம்புவாரா? எனக்கு நட்டம் வருமா? பாஸிங் ஆஃப் வழக்கு இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. இரண்டாவது கேள்வியில்தான் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. 'ஹரி புத்தர்' (பஞ்சாபியில் 'புத்தர்' என்றால் மகன்) என்ற இந்திப் படத்துக்கு எதிராக, ஹாரி பாட்டர் படங்களை எடுத்த வார்னர் பிரதர்ஸ் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஹாரி பாட்டர் படிப்பவருக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியும் என்று சொல்லி, தாமதத்தையும் சுட்டிக்காட்டி, நீதிமன்றம் தடை தர மறுத்தது.

தாமதம் என்ற சொல் இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அறிவிப்பு வந்தபோதே தெரிந்தும், வெளியீட்டுக்கு முந்தைய நாள்வரை காத்திருந்து மனுப் போட்டால், நீதிபதிக்கு முதலில் தோன்றுவது பேரம் பேச வந்திருக்கிறார் என்பதுதான். தெரிந்த வாரமே கடிதம் அனுப்புங்கள். முதல் கடிதம் மரியாதையாக, தேதிகளோடு, ஒரே பக்கத்தில் இருக்கட்டும். துணைத் தலைப்புச் சேர்ப்பது, அட்டை வடிவத்தை மாற்றுவது, அடுத்த பதிப்பிலிருந்து பெயரை மாற்றுவது போன்ற வழிகளை நீங்களே அதில் சொல்லிவிடுங்கள். இதிலேயே முடிந்துபோவது அதிகம்.

ஆதாரமில்லாமல் மிரட்டல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். டிரேட் மார்க் சட்டத்தின் 142ஆம் பிரிவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும், அடிப்படையில்லாத மிரட்டலுக்கு ஆளானவர் உங்கள் மேலேயே வழக்குப் போட இடம் தருகின்றன. வழக்கு என்றே ஆனால், மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. வணிக வழக்கில் அவசரத் தடை கேட்காதவர்கள் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும்.

கடைசியாக, வெளிநாட்டு வாசகர்களை நம்பியிருப்பவர்களுக்கு. இந்தியப் பதிவு இந்திய எல்லைக்குள்தான் செல்லும். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட் மார்க் கேட்க உதவும் மாட்ரிட் ஏற்பாட்டில் சிங்கப்பூரும் மலேசியாவும் இருப்பதால், இந்திய விண்ணப்பத்தை வைத்தே அங்கும் கேட்கலாம். இலங்கைக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம். கொழும்பில் உள்ள தேசிய அலுவலகத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் முறையே வேறு. புத்தகம், படம் ஆகியவற்றின் தலைப்புக்குச் சட்டமே நேரடியாகப் பாதுகாப்புத் தருகிறது. நூல் வெளிவருவதற்குச் சில மாதம் முன்பே "இந்தத் தலைப்பை உரிமை கோருகிறோம்" என்று தொழில் இதழில் விளம்பரம் கொடுத்து இடம்பிடிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதைக் கேள்விப்பட்டு இங்கே நாளிதழில் 'தலைப்பு அறிவிப்பு' விளம்பரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு ஒரு தேதி என்பதைத் தாண்டி மதிப்பில்லை. அந்த விளம்பரப் பணத்தில் ஒரு வகுப்புக்கு டிரேட் மார்க் விண்ணப்பமே போட்டுவிடலாம்.